பெட்டியைப் பிரியுங்கள் ஸார்!

பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சென்னையில் குடியிருக்கும் ஏகப்பட்ட பேர் சென்னைக்காரர்கள் இல்லை! பதினைந்து வருஷமாக இங்கேதான் சம்பளம், இங்கேதான் ரேஷன் கார்டு. 'எந்த ஊரு ஸார்?' என்று கேளுங்கள். 'உடன்குடி பக்கம்' என்பார். 'இங்க சும்மா வேலைக்காக இருக்கேன். இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊரோட போயிடுவேன்.'

இந்த 'ரெண்டே வருஷம்' ரொம்பப் பழைய வசனம். பைபிளிலேயே இருக்கிறது.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் என்ற பாபிலோன் ராஜா, எருசலேமிலிருந்து ஒரு பெரிய கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனான். தச்சர்கள், கொல்லர்கள் என்று கைத்தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினான். திரும்பி வர நெல்லை எக்ஸ்பிரஸா இருக்கிறது? பிற்காலத்தில் எஸ்றா அந்தத் தூரத்தைக் கடந்து எருசலேம் வந்து சேர நாலு மாசம் பிடித்தது.

கொஞ்ச வருஷம் கழித்து, அனனியா என்ற தீர்க்கதரிசி, 'ரெண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிடுவாங்க' என்று அடித்துச் சொன்னார். ஜனங்களுக்குக் கேட்கக் கேட்க குளுகுளுவென்று இருந்திருக்கும். எரேமியா மட்டும் எழுபது வருஷம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு விடவில்லை மனுஷன். பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதமும் போட்டார். சாராம்சம் இதுதான்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுக் காய்ப்பதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்கப் பிரார்த்தனை பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் உங்களுக்கும் நல்லது. 

அதாவது, பெட்டியைப் பிரி!

படித்தவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்! பிடித்துக்கொண்டு போனவன் ஊருக்காக பிரார்த்தனையாம்.

பெட்டியைப் பிரிக்காத ஆசாமியைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவிளக்கு எரியாவிட்டால் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு போய்விடுவான். மாநகராட்சிப் புகாருக்கு 1913 என்று ஒரு நம்பர் இருப்பது அவனுக்குத் தெரியாது. கவுன்சிலர் யாரென்றும் தெரியாது. ஓட்டுதான் ஊரில் இருக்கிறதே!

நம் வேதத்துக்கும் டவுன் பிளானிங்குக்கும் சம்பந்தமில்லை என்று சர்ச்சில் சிலர் நினைக்கிறார்கள். உபாகமத்தைப் புரட்டினால், புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம். யாராவது விழுந்தால் பழி வீட்டுக்காரன் தலையில். சி.எம்.டி.ஏ. எல்லாம் அப்புறம்தான் ஸார்! சகரியா தீர்க்கதரிசி செழித்த எருசலேமை வர்ணிக்கும்போது கோட்டை, கோபுரத்தோடு நிறுத்தவில்லை. தெருவில் கைத்தடியோடு கிழவன் கிழவி உட்கார்ந்திருப்பார்கள், தெரு நிறையப் பிள்ளைகள் விளையாடும் என்கிறார். இந்தப் பரீட்சையில் நம் தெரு எதுவாவது பாஸாகுமா? 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி பெஞ்ச் போட்டார்கள். வயசானவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இடம் கொடுத்தால் உட்காருகிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

சர்ச்சுகளின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளே பிறனை நேசிப்பது பற்றி உருக்கமான பிரசங்கம். வெளியே அந்தப் பிறன், தன் வீட்டு கேட்டை மறித்து நிற்கும் காரின் ஹாரனை அமுக்கக்கூட வழியில்லாமல் நைட்டியோடும் லுங்கியோடும் நிற்கிறார்.

கேட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஃப்ளாட்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன கேட். அதன் வழியாகப் பின் தெருப் பிள்ளைகள் கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தன. 'செக்யூரிட்டி ப்ராப்ளம்' என்று சங்கம் பூட்டிவிட்டது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் நியூயார்க்கில் உட்கார்ந்து 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். தெருவுக்குக் காவல் போலீஸ்காரர் மட்டும் இல்லை, போகிற வருகிற ஜனங்களின் கண்தான் என்பது அவர் கட்சி. மீட்டிங்கில் எடுத்துச் சொன்னேன். 'அவங்க ஃப்ளாட் ஓனரா?' என்றார் செகரட்டரி. சரி, வேதத்துக்கே போவோம் என்று, தோட்டத்தில் ஆரம்பிக்கும் பைபிள் ஒரு நகரத்தில் முடிகிறது, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் அந்த நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல், ஒன்றையும் அடைப்பதில்லை என்றேன். 'அங்க திருடன் கிடையாதே ஸார்!' என்றார். நியாயமான பாயின்ட்தான்.

அப்போது மூன்றாவது மாடி நாசரேத் தம்பி எழுந்தான். நம்ம தூத்துக்குடி ஜில்லா நாசரேத். வாடகைக்கு இருப்பவன், சங்கத்தில் ஓட்டுக் கிடையாது.

'ஸார், அந்தப் பிள்ளைங்க இப்ப மெயின் ரோட்டைச் சுத்திப் போகுதுங்க. தண்ணி லாரி ஓரத்துல. தெனம் பைக்ல போறப்ப பாக்கேன். காலைல ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் நானும் ரூம்மேட்டும் கேட் கிட்ட நிக்கோம். தெறந்து விடுங்க.'

'நீ எத்தனை நாள்ப்பா இங்க இருக்கப் போறே?' என்று ஒரு ஓனர் கேட்டார்.

'தெரியல ஸார். இப்ப இருக்கேன்ல.'

பதினொன்றுக்கு ஒன்பது. கேட்டைத் திறந்தாயிற்று. ஒரு மாசத்துக்கு மட்டும், சோதனை முறையில். பூட்டும் சாவியும் இன்னும் செகரட்டரியிடம்தான் இருக்கிறது.