விரலுக்கு ஒரு அறை எதற்கு?

"ஓட ஆரம்பித்தால் கை தானாகச் சூடாகிவிடும்" என்று சிலர் அளந்து விடுகிறார்கள். 2018 பாஸ்டன் மாரத்தானில் கொட்டிய குளிர்மழையில் முன்னணி வீரர்களே பலர் பாதியில் விலகினார்களே, அவர்கள் என்ன நடந்தா போனார்கள்? குளிரெடுத்தால் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும்தான் முதலில் காப்பாற்றும். விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஷூ லேஸ்கூடக் கட்ட முடியாது.

இதற்குக் கடைக்காரர்கள் நீட்டுவது, ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்த விலை கூடிய கையுறை! பிரித்து வைத்தால் சூடு எங்கே தங்கும்? நான்கு விரலும் ஒரே பைக்குள் ஒட்டிக் கிடக்கும் மிட்டன்தான் கதகதப்பு. அது இல்லையா, பழைய கம்பளி சாக்ஸைக் கையில் மாட்டுங்கள் (பார்க்கக் கேவலம்தான், உறைபனி விடியலில் யார் பார்க்கப் போகிறார்கள்?). பருத்தி மட்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அதுவே ஐஸ். மழையென்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை.