முட்டைக் கூடையும் எஞ்சினீயர் படிப்பும்

என் பேத்தி மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த பருவத்துக்கு விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டுமாம். மார்க்கெட்டிங் எடுக்கப் போகிறேன் என்கிறாள். "எஞ்சினீயருக்குச் சோப்பு விற்கிற படிப்பு எதுக்கு? கம்ப்யூட்டர் பாடம் எடு, வேலையாவது கிடைக்கும்" என்கிறான் என் மகன். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

நான் எஞ்சினீயரும் அல்ல, வியாபாரியும் அல்ல. பிரெஞ்சு வழியில் படித்து, புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஆனாலும் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

பள்ளியில் எங்கள் வாத்தியார் சித்ரோவேன் கார் கம்பெனியின் கதையைச் சொல்லுவார். அந்த்ரே சித்ரோவேன் படித்த எஞ்சினீயர்; விளம்பரத்திலும் மன்னன். 1925-இல் ஈஃபில் கோபுரத்தில் தன் பெயரையே மின்விளக்கால் எழுதியவர். ஆனால் 1934-இல் கம்பெனி கடனில் மூழ்கி, மிஷ்லேன் டயர்க்காரர்கள் கைக்குப் போனது.

அடுத்து நிர்வாகத்துக்கு வந்த பியேர் பூலான்ழே, கிராமத்து விவசாயிக்கு ஒரு கார் வேண்டும் என்றார். இரண்டு பேர், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையில் இருக்கிற முட்டை உடையக் கூடாது. இதுதான் அவர் போட்ட நிபந்தனை. அதிலிருந்து பிறந்ததுதான் 'தெ ஷ்வோ'. 1948-இல் பாரீஸ் கண்காட்சியில் வந்தபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கும் மேல் விற்றது.

கோபுரத்து விளக்கு விளம்பரம். முட்டைக் கூடைதான் மார்க்கெட்டிங். வாங்குகிறவன் யார், அவன் கஷ்டம் என்ன என்று, படம் வரைவதற்கு முன்னால் யோசிப்பது.

எங்கள் அலுவலக ஸ்டோரில் 40 களையெடுக்கும் கருவிகள் இருந்தன. நல்ல இரும்பு, நல்ல வேலைப்பாடு. ஆறு வருஷம் இருப்புப் பதிவேட்டில் "நல்ல நிலையில் உள்ளது" என்று என் கையால் எழுதினேன். ஒருநாள் ஸ்டோரைப் பெருக்க வந்த அம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "களை எடுக்கிறது நாங்க. பிடி நெஞ்சு உசரத்துல இருக்கு. இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு வரப்பு தாண்ட முடியுமா, ஐயா?" செய்தவர் அவரைப் போன்ற ஒருத்தரைக் கேட்கவில்லை. தினம் அவரைப் பார்த்த நானும் கேட்கவில்லை.

என் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பரீட்சைக்காக இலக்கணம் நெட்டுருப் போடுவதென்றால் அந்தப் பாடம் வீண். பிரேக் பிடிக்காத காரை எந்த மார்க்கெட்டிங்கும் காப்பாற்றாது. சொந்தப் பாடம்தான் முதலில். வேலைக் கவலையும் பொய்யல்ல. ஆனால் கம்ப்யூட்டரைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். அடுத்தவரிடம் போய்க் கேட்கும் பழக்கம் இந்த வயதில் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். எனக்கு வரவில்லை.

"எடுத்துக்கோம்மா. ஆனா பாடம் முடியறதுக்குள்ள வயல்லயோ பட்டறையிலயோ பத்துப் பேரையாவது பார்த்துப் பேசணும்" என்றேன். மகனுக்கு இன்னும் வருத்தம்தான். பேத்தி ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.