ஆடும் யானையும் உரிக்கும் பட்டை

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில், மண்ணூரில் என் நிலத்து ஓரம் வைத்த பூவரசங்கன்றுகளில் நாலு பட்டுப்போச்சு. ஆடுகள் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டன. ஒரு பக்கம் மட்டும் என்றால் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசிக் காப்பாற்றியிருப்பேன். சுற்றிலும் உரிந்தால் இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்காது, மரம் மெல்லச் சாகும். கோபமாகத்தான் ஆட்டுக்காரரிடம் போனேன். "மேய்க்கால் எல்லாம் காம்பவுண்டுக்குள்ள போயிடுச்சு, எங்க சார் ஓட்டினு போறது?" என்றார். வங்கியில் முப்பது வருஷம் கடன் மனு பார்த்தவனுக்குப் பதில் வரவில்லை.

காட்டிலும் இதே வழக்குதான். முதுமலையில் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, மரங்களுக்கு எண் போட்டு, இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். அதில் கைடியா என்றொரு மரம். பூவரசு, வெண்டைக் குடும்பம். யானைகள் ஒடித்தும் உரித்தும் தின்றதில் பத்தே ஆண்டுகளில் அது வெகுவாகக் குறைந்துபோனது. வலம்புரியும் அப்படியே. யானை காட்டைக் கெடுக்கவே கெடுக்காது என்று மேடையில் பேசுகிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் கேட்கிற உடம்பு அது. ஆனால் தின்றுவிட்டு நடந்துபோகும். போன இடத்தில் துளிர்க்க அவகாசம் கிடைக்கும். வழியை அடைத்தால் தின்ற மரத்துக்கே திரும்ப வரும். சீகூர் வழித்தடத்தில் முளைத்த விடுதிகள் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல்தான் வழித்தடம் உறுதியானது. புல் முளைக்கிற இடத்தையோ உண்ணிச்செடி மூடிக்கொண்டது.

அந்தமான் கதை வேறு. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட புள்ளிமானுக்கு அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகிப்போய் இளங்கன்றுகளை எழும்ப விடுவதில்லை. அங்கே எண்ணிக்கையைக் குறைப்பது நியாயமாக இருக்கலாம். முதுமலையில் அந்தப் பேச்சை எடுக்கிறவர்கள் முதலில் வழியையும் புல்லையும் திருப்பிக் கொடுக்கட்டும்.

நம் கூட்டங்களில் சூரிய மின்வேலி பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். மேய்க்கால் புறம்போக்கை மீட்கச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் நானே கொண்டுவரப் போகிறேன். கம்பிவேலி போட்டவன்தானே நீ என்று கேட்பீர்கள், ஆமாம், போட்டேன். போன ஆடியில் அதற்கு வெளியே கிளுவையும் அகத்தியும் வைத்தேன். இப்போது ஆட்டுக்காரர் அதில்தான் தழை ஒடித்துப் போடுகிறார். மிச்சமிருக்கிற பூவரசை ஆடுகள் இதுவரை தொடவில்லை.