பித்தளை விலைக்குப் போகும் பழங்கருவிகள்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் ஏட்டுச் சுவடிகளோடு உழலும் எமக்கு விஞ்ஞான சாலைக் கருவிகளைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டென்று பௌதிக சாஸ்திர மாணாக்கர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும், கலாசாலைகள் பலவற்றில் ஆண்டுதோறும் நிகழும் இருப்புச் சரிபார்ப்பின்போது, பயனற்றவை என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டு, தராசில் நிறுக்கப்பட்டு, பழம் பித்தளை விலைக்கு ஏலம் போகும் பொருள்களைப் பற்றிக் கேள்வியுறுந்தோறும், ஒரு காலத்தில் அடுப்பிலும் ஆடிப்பெருக்கு வெள்ளத்திலும் போன ஏடுகளே எம் நினைவுக்கு வருகின்றன. அவ்வேடுகளைத் தேட ஒரு தாமோதரம் பிள்ளையும் ஒரு சாமிநாதையரும் தோன்றினர். கருவிகளைத் தேடுவார் யார்?

பழையன கழிவது குற்றமன்றென்று நன்னூலாரே கூறினார் அல்லரோ என்று சிலர் எமக்கே இலக்கணம் கற்பிக்க முற்படுகின்றனர். நன்னூலார் அவ்விடத்துப் பேசியது சொல் வழக்கைப் பற்றி. தொலைநோக்குக் கண்ணாடியைப் பற்றி அன்று. வழக்கொழிந்த சொல்லுங்கூட நிகண்டிலும் உரையிலும் இடம்பெற்று நிற்கின்றது. உருக்குலைக்குப் போன கருவிக்கு அவ்விடமும் இல்லை.

ஒரு பழங்கருவி நமக்குச் சொல்லக்கூடியது யாது? தஞ்சையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். வில்லியம் லாம்ப்டன் என்பார் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மகா முக்கோண அளவைக்கு வித்திட்டது அதுவே. அவர் கையாண்ட பெரிய தியோடலைட்டு லண்டனில் கேரி என்பவர் செய்தது; அதன் கிடைவட்டம் 36 அங்குலக் குறுக்களவினது; எடை ஏறத்தாழ அரை டன். கடல்வழி வருகையில் அது பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பப்பட்டது. பகைவரும் மதித்து விடுத்த அக்கருவி 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் பெருந்துன்பம் எய்தியது. சமவெளியில் நெடுந்தொலைவு காண வேறு உயரம் இன்மையின் அதனைக் கோபுரத்தின்மேல் ஏற்ற முயன்றபோது, கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. பாகை கோணினால் நாடே கோணும் அன்றோ! லாம்ப்டன் வேறொன்று வருமளவும் வாளா இருந்தாரல்லர். கூடாரத்தினுள் ஆறு வாரம் அடைபட்டிருந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நேராக்கினார்.

பின்னாளில் எவரெஸ்டு அதனைப் பாரோ என்னும் கருவி வினைஞரைக் கொண்டு புதுக்குவித்தார். பாரோவிற்குப்பின் அளவைத் துறையின் கணிதக் கருவிகளைப் பொறுப்பேற்றவர் சையது மீர் மொசின் உசேன், ஆர்க்காட்டைச் சேர்ந்தவர், தொடக்கத்திற் சென்னையில் நகைத்தொழில் செய்தவர். எவரெஸ்டின் பெயர் மலைமேல் நிற்கின்றது. ஆர்க்காட்டுப் பொற்கொல்லரின் பெயரை அறிந்தார் நம்முள் எத்துணைப் பேர்? கருவிகளின் வரலாற்றைத் தேடுவார்க்கே இத்தகைய பெயர்கள் அகப்படும். அளவையின் முடிபுகளை நூல்கள் சொல்லும். அம்முடிபுகளுக்குத் தோள் கொடுத்த கைகளைக் கருவியின் ஒட்டும் வெட்டுமே சொல்லும்.

அத்தஞ்சையிலேயே அக்காலத்து அரசு வீற்றிருந்தவர் சரபோஜி மன்னர். சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்ற அவர் நூல்களோடு நில்லாது காற்றுவாங்கு யந்திரம், மின்சார யந்திரம், வான சாஸ்திரக் கருவிகள் ஆகியவற்றையும் தருவித்து வைத்திருந்தார். சரசுவதி மகாலின் ஏடுகளைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். அக்கருவிகள் யாவை, என்ன ஆயின என்று வினவுவாரை யாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். சென்னை வானாராய்ச்சிக் கூடத்திற் கருவியைத் தாங்குதற்கென நிறுவிய கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்று இன்றும் நிற்கின்றது. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தமிழிலும் எழுதி விளக்கிய ரகுநாதாச்சாரியார் பணிபுரிந்தது அக்கூடத்திலேயே. 1850இல் அதற்கு வாங்கிய ஆறங்குலத் தொலைநோக்குக் கண்ணாடி, புதுக்கப்பெற்று, கோடைக்கானலுக்குச் சென்று இன்றும் உள்ளது. காப்பாற்ற வேண்டும் என்னும் எண்ணம் இருந்துவிடின் இரும்பும் பித்தளையும் நூற்றாண்டு கடந்து நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

தனியார் சேர்த்து வைப்பதை யாம் இகழ்வோம் அல்லேம். ஆக்ஸ்போர்டில் விஞ்ஞான வரலாற்றுக் காட்சிச்சாலை எழுந்தது, காகித ஆலை நடத்திய லூயிஸ் எவன்ஸ் என்பவர் தாம் சேர்த்த கருவிகளை 1924இல் அப்பல்கலைக்கழகத்திற்கு ஈந்தமையாலேதான். கேம்பிரிட்ஜில் ராபர்ட்டு விப்பிள் 1913இல் ஒரு பழைய தொலைநோக்குக் கண்ணாடியை வாங்கித் தொடங்கிய ஆசை, 1944இல் ஏறத்தாழ ஆயிரம் கருவிகளாய்ப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. அவ்விருவரும் பொருளுடையார், நம்மனோர்க்கு அஃது இயலாதென்பது மெய்யே. ஆனால் அவர்கள் செய்ததன் உயிர்நிலை பொருள் அன்று. எந்தக் கருவி, எவர் செய்தது, எவரிடமிருந்து வந்தது என்று அறியும் வேட்கையே அது.

அவ்வேட்கை இல்லாதார் கையில் கருவி படும் பாடு சொல்லுந்தரமன்று. முதலாவது, துலக்கல். வீட்டுக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போல நூறாண்டுப் பழைய நுண்ணோக்குக் கண்ணாடியையும் பளபளவெனத் துலக்கிக் கூடத்தில் வைப்பாரைப் பார்க்கின்றோம். அக்காலத்துக் கருவியாளர் பித்தளைமேல் அரக்கைச் சாராயத்திற் கரைத்து மெல்லிய மெருகு பூசினர். அம்மெருகின் நிறமும் தேய்வும், எந்த இடத்தை எந்தக் கை பற்றியது என்பதைக் காட்டும். துலக்கினால் மெருகு போம். தொடர்ந்து துலக்கினால் பாகைக் கோடுகளும் செய்தவர் பெயரும் போம். ஏட்டில் பொருள் விளங்காத பாடத்தைத் தம் மனம்போனவாறு திருத்தி அச்சிட்ட பதிப்பாசிரியரைப் பற்றி எம் வகுப்பில் எத்துணைக் கடுமையாகப் பேசுகின்றோம்! கருவியைத் துலக்குவாரும் அவ்வினத்தினரே. மென்துணியால் தூசி நீக்குவதோடு நிற்பதே நன்று. பழைய காற்றழுத்தமானியில் பாதரசம் இருக்குமாதலின் அதனைச் சாய்ப்பதும் திறப்பதும் தகா. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து ஒளிரும் முகப்புகளில் ரேடியம் பூசப்பட்டிருத்தலும் உண்டு.

இரண்டாவது, போலி. இதனையே யாம் பெரிதும் சுவைத்துப் படித்தோம். விண்மீன் நிலையை அளந்து காலங்காணும் அஸ்ட்ரோலேபு என்னும் கருவியை மகேந்திர சூரி 1370இல் இயற்றிய வடநூலில் கருவிகட்கெல்லாம் அரசன் என்னும் பொருள்பட யந்திரராஜம் என்று அழைத்தார். பின்னர் லாகூரில் அல்லாதாது என்பாரின் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அதனை வனைந்தனர். அதன் வலைத்தகட்டிலுள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு விண்மீனைச் சுட்டும். வானமோ நிலையாக நிற்பதன்று. விண்மீன்களின் இடம் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை பெயர்கின்றது. ஆகவே முட்களின் இடத்தை அளந்தால் கருவி எக்காலத்து வானத்திற்குச் செய்யப்பட்டதென்று ஓரளவு துணியலாம். பொய்யாகச் செய்வோன் அழகிய கொடியும் எழுத்தும் பொறிப்பான். வானக் கணிதத்தில் வழுக்கி விழுவான். விப்பிள் சேர்த்தவற்றுள்ளும் சில போலிகள் இருந்தனவென்று டெரெக் பிரைஸ் என்னும் அறிஞர் 1950களில் கண்டு கூறினார். பயின்ற கண்ணுக்கே அக்கதியெனின், கடைவீதியில் வாங்குவார் கதி யாதாகும்? ரூர்க்கி முதலிய வடநாட்டு ஊர்களிற் புதிதாய்ச் செய்யப்பெறும் பித்தளைக் கப்பற்கருவிகள் இன்று எங்கும் விலையாகின்றன. அவற்றைச் செய்யும் தொழிலாளரை யாம் குறை கூறோம், நல்ல கைத்தொழில். புதியதில் பழைய லண்டன் பெயரைப் பொறித்துப் பழமையென விற்பதே வஞ்சனை.

மூன்றாவது ஒன்றுண்டு, அதுவே எமக்கு வருத்தம் மிகுவிப்பது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத, பழங்கால விஞ்ஞானத்தை விளக்கும் பொருளும் தொல்பொருளே. தனியார் அதனை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் ஆகாது. எனினும் பழம் பித்தளையென்று நிறுத்து விற்றபின் எந்தச் சட்டம் எதனைத் தேடும்? வாங்குபவன் அடையாளச் சீட்டைக் கிழித்துவிட்ட அன்றே அக்கருவி ஊரும் பேரும் அற்றதாகின்றது.

இனி, கலாசாலை அலமாரியில் துருப்பிடிப்பதினும் ஆர்வமுடைய ஒருவர் வீட்டில் இருத்தல் மேலன்றோ என்பார் உளர். இவ்வாதத்தை யாம் எளிதிற் புறக்கணியோம். துருவா, அன்புடைய வீடா என்னின் வீடே மேல். ஆனால் அக்கருவி கொண்டு பயின்ற மாணாக்கர் எழுதிய சோதனைக் குறிப்பேடும், வாங்கிய ஆண்டைக் காட்டும் இருப்புப் புத்தகமும் கலாசாலையிலேயே தங்கிவிடும். கருவி மட்டும் போம். உரை ஓரூரிலும் மூலம் ஓரூரிலும் பிரிந்தாற் போல்வது அது. ஆகலின் விற்பதற்கு முன்னர் எழுதுக என்பதே எம் கோரிக்கை. காட்சிச்சாலை கட்டப் பணம் வேண்டும். ஒரு பதிவேட்டிற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு புகைப்படமுமே வேண்டும். ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட எந்தக் கருவியும், அப்பதிவேட்டில் ஏறாமலும், பௌதிகப் பேராசிரியரும் வரலாற்றுப் பேராசிரியரும் ஒருங்கே கையொப்பமிடாமலும் ஏலத்திற்குப் போகலாகாதென்று நம் கலாசாலை விதி செய்தல் வேண்டும்.

எம் வகுப்பினர் ஐவர் இவ்வாண்டு சனிக்கிழமைகளில் பௌதிக சாலையின் மேற்கு அலமாரியை எழுதத் தொடங்கியுள்ளோம். இதுகாறும் முப்பத்தொரு பொருள்கள் ஏறியுள்ளன. அவற்றுள் பத்தொன்பதாவது ஒரு டான்ஜெண்டு கால்வனோமீட்டர். அதன் அடிப்பலகையின்கீழ் ஒட்டிய தாளில், ஊசி சற்று இடப்புறம் சாயும், கழித்துக் கணக்கிடுக என்று நீல மையில் தமிழில் எழுதியிருக்கின்றது, கையொப்பம் இல்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் எவர்க்கேனும் அக்குறிப்பு நினைவிருப்பின், அலுவலகத்தின் வழியாக எமக்கு எழுதியருள வேண்டுகின்றோம். ஊசி இன்னும் இடப்புறமே சாய்கின்றது.