‘கொடி சுத்தியிருக்கு!’ - அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நாங்கள் எதுவும் கேட்கவில்லை

அக்காவுக்கு இது இரண்டாவது பிரசவம். ஏழாவது மாதம் நடக்கிறது. போன மாதம் புது டாக்டரைப் பார்க்கப் போனபோது, “முதல் குழந்தை சிசேரியன்தானே… எதுக்காகப் பண்ணாங்க?” என்று கேட்டிருக்கிறார். “கொடி சுத்தியிருந்துச்சு டாக்டர்” என்றிருக்கிறாள் அக்கா. டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிய டாக்டர், “இதுல அப்படி இல்லையேம்மா. தலை இறங்கலைன்னு போட்டிருக்கு” என்றாராம்.

அன்று இரவு எனக்கு போன் செய்து, “அப்போ என் வயித்தை எதுக்குடா கிழிச்சாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும், அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்ற ஆறு பேரில் நானும் ஒருவன். கேள்வி கேட்பதையே வேலையாகச் செய்கிறவன்.

அன்றைக்கு நடந்தது இதுதான்

இரண்டு வருடங்களுக்கு முன்பு. விடிகாலை நான்கு மணிக்கு அக்காவுக்கு வலி கண்டது. எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, “கொடி சுத்தியிருக்கு. ரிஸ்க் எடுக்கணுமா, நீங்களே சொல்லுங்க” என்றார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா, “எப்படியும் ஆபரேஷன்னு ஆகிடுச்சு. நல்ல நேரமாவது பார்ப்போம்” என்றார். ஜோசியருக்கு நம்பர் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ‘ஒன்றே கால் மணிக்குள்’ என்று அவர் சொல்ல, மாமா கையெழுத்துப் போட்டார். 1.05-க்குக் குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தோம்.

உள்ளே இருந்த அக்காவிடம் அன்று யாருமே எதுவும் கேட்கவில்லை.

கொடி சுற்றுவது அபூர்வமான விஷயம் இல்லை. பிரசவ நேரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சுகப்பிரசவமாகவே பிறக்கின்றன. தலை வெளியே வந்ததும் கொடியைத் தளர்த்தி எடுத்துவிடுவார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தால் கதை வேறு. அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால், ஸ்கேனில் கொடி தெரிகிறது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

இதை, அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் என் பள்ளித் தோழியிடம் கேட்டேன். சிரித்தாள். “பரீட்சையில கேட்டா எல்லோருமே கரெக்டா டிக் பண்ணிருவோம்” என்றாள். அவள் சொன்னதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எண்கள் சொல்வது என்ன?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 44.9 சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 34.1 ஆக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய சராசரி 21.5. தெலங்கானா 60.7-ஐத் தொட்டு நமக்கும் முன்னால் நிற்கிறது.

“இருக்கட்டும், அதனால்தானே தாய்மார்கள் உயிரோடு இருக்கிறார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிசேரியன் உயிர் காக்கும் அறுவை சிகிச்சை. அந்த வசதி இல்லாத இடங்களில் தாயும் சேயும் இறக்கிறார்கள். ஆனால், ஓர் அளவுக்கு மேல் சிசேரியன் கூடுவதால் மட்டும் உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படுவதில்லை. மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். அங்கே அதே ஆய்வில் சிசேரியன் 25.4. 2018-20 கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் இறப்பு அங்கே 33. தமிழ்நாட்டில் 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு. சிசேரியனை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், ‘கத்தி வைத்தால்தான் பத்திரம்’ என்ற நம் நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க இது போதும்.

தேவையில்லாத சிசேரியனுக்கு விலையும் உண்டு. ரத்த இழப்பு, தொற்று, தேறுவதற்கு ஆகும் நாள்கள் ஒருபக்கம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயம் இன்னொரு பக்கம். எங்கள் அக்கா இப்போது நிற்பது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

காத்திருப்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

டாக்டர்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதுவது சுலபம். ‘காசுக்காகப் பண்றாங்க’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். காசு ஒரு காரணம்தான். ஆனால், தோழியோடு பேசிய பிறகு எனக்குத் தெரிந்தது வேறொன்று. சுகப்பிரசவத்துக்கு முதல் தேவை மருந்தோ மெஷினோ இல்லை. பொறுமையாகப் பக்கத்தில் இருக்க ஓர் ஆள். இன்றைய மருத்துவத்தில் அதற்கு மட்டும் இடமே இல்லை.

சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் பிரசவம் என்றால் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். 50 பேர் ஓ.பி-யில் காத்திருக்க, ஒரே ஒரு மகப்பேறு டாக்டர் இருக்கும் சிறிய மருத்துவமனையில் இரவு முழுக்க யார் உட்கார்ந்து பார்ப்பது? பல இடங்களில் சிசேரியனுக்கு ஒரு பேக்கேஜ், சுகப்பிரசவத்துக்கு அதைவிடக் குறைந்த பேக்கேஜ். அதிக நேரம் உழைத்தால் குறைந்த பணம்!

சரி, இதைக் கல்லூரியிலாவது கற்றுக்கொடுக்கிறார்களா? 2019-ல் எம்.பி.பி.எஸ் பாடத்திட்டம் மாறியபோது, மனப்பான்மை, அறம், நோயாளியோடு பேசும் முறை ஆகிய மூன்றையும் பாடமாகவே சேர்த்தார்கள். நல்ல மாற்றம். ஆனால், மேற்படிப்புக்கான நீட் பி.ஜி தேர்வில் இருப்பவை கொள்குறி வினாக்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணின் பக்கத்தில் ஆறு மணி நேரம் நின்றதற்கு அங்கே மார்க் கிடையாது. “லேபர் வார்டு டியூட்டியில இருக்கும்போதும் போன்ல கொஸ்டின் பேங்க்தான் ஓடும். தப்புன்னு தெரியும். ஆனா சீட் கிடைக்கணுமே” என்றாள் தோழி.

பாடமும் மாறியிருக்கிறது. ‘கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு செ.மீ விரிய வேண்டும். இல்லையென்றால் பிரசவம் முன்னேறவில்லை’ என்று பல தலைமுறை டாக்டர்கள் படித்தார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம், இந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, தாயும் குழந்தையும் நலமாக இருந்தால் இதை மட்டும் வைத்து அவசரப்படக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் பிரசவத்தில், ஐந்து செ.மீ விரிந்ததற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது அது. புத்தகம் காத்திருக்கச் சொல்கிறது. வார்டு அவசரப்படுத்துகிறது.

நம் பங்கு என்ன?

பயம் டாக்டர்களுக்கும் இருக்கிறது. 2022 மார்ச்சில், ராஜஸ்தானின் தௌசாவில், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்துபோனார். சிகிச்சை அளித்த பெண் மருத்துவர் மீது கொலை வழக்கு பதிவானது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த டாக்டருக்குக் காத்திருக்கத் தைரியம் வரும்? சிசேரியன் செய்து ஏதாவது ஆனால், ‘முடிஞ்சதெல்லாம் செஞ்சாங்க’ என்போம். காத்திருந்து ஏதாவது ஆனால், ‘சும்மா பார்த்துக்கிட்டு நின்னாங்க’ என்போம். கண்ணாடியை உடைப்பதும் நாம்தான், ஜோசியரிடம் நேரம் வாங்கி வருவதும் நாம்தான். இதில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்று. பயமோ, நேரமின்மையோ, காரணத்தை மாற்றிச் சொல்வதற்கு அனுமதி ஆகாது. “என்னால் இரவு முழுக்க இருக்க முடியாது, வசதி உள்ள இடத்துக்குப் போங்கள்” என்று சொல்வது நேர்மை. வராண்டாவில் ஒரு காரணம், காகிதத்தில் இன்னொரு காரணம் என்பது நேர்மை அல்ல.

கேட்க வேண்டியவை… எட்டாவது மாதத்திலேயே!

வலி வந்த பிறகு யாராலும் யோசிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* “இங்கே நூற்றில் எத்தனை சிசேரியன்?” சிக்கலான கேஸ்கள் அதிகம் வரும் பெரிய மருத்துவமனையில் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். அதனால், ‘முதல் பிரசவம், தலை கீழே இருக்கும் குழந்தை’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

* “இரவில் வலி வந்தால் யார் இருப்பார்கள்?” டாக்டரா, பயிற்சி பெற்ற நர்ஸா, மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதும் தெரிய வேண்டும்.

* “உடன் ஒருவர் இருக்கலாமா?” பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் கூடவே இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

* “இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்?” சிசேரியன் என்று சொல்லும்போது இதைக் கேளுங்கள். ‘குழந்தையின் துடிப்பு குறைகிறது’ என்றால் வாதாடாதீர்கள், உடனே சம்மதியுங்கள். வேறு காரணம் என்றால், காத்திருக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

* கையெழுத்து யாருடையது? ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லி, சுயநினைவோடு இருக்கும் நோயாளியிடமே சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த வழக்கில், மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்றது. கணவர் கையெழுத்து மட்டும் போதாது.

* ஆவணங்கள் உங்கள் உரிமை. 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

அந்தக் காலித் தாள்

இந்த விதியை வைத்துத்தான் அக்கா பழைய மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தாள். கேஸ் ஷீட் நகல் கிடைத்தது. பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று மணிக்கு மணி குறித்து வைக்கும் ‘பார்டோகிராஃப்’ தாளும் அதில் இருந்தது. மேலே அக்காவின் பெயர், வயது. கீழே கட்டங்கள் எல்லாம் காலி.

பழைய காரணம் தெளிவாகத் தெரிந்தால், இந்தமுறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவு செய்வது புது டாக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரியாததால், தழும்பு, குழந்தையின் எடை என எல்லாவற்றையும் பார்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: “முயற்சி பண்ணலாம். உறுதி தர முடியாது. தழும்பு பிரியுற ஆபத்து கொஞ்சம் இருக்கு. அதனால ராத்திரியும் தியேட்டர் ரெடியா இருக்கிற இடத்துலதான் பார்க்கணும். வலி வந்ததும் வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்.”

“உட்கார்ந்து பார்ப்போம்னு சொன்னாங்கடா” என்று அக்கா அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

சிசேரியன் ஆனாலும் ஆகலாம். ஆனால், இந்தமுறை எதற்காக என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளே கையெழுத்துப் போடுவாள். பெரியப்பாவிடமும் பேசிவிட்டேன். முறைத்தார், ஆனால் சரி என்றார். ஜோசியர் நம்பரை என் போனிலிருந்து அழித்துவிட்டேன்.