நாற்காலியும் நாவும்

பெண்மணி ஒருவர் நிர்வாகத்தில் அமர்ந்துவிட்டால் கம்பெனி நீடித்து வாழுமா? "வாழும்" என்று கைகொட்டுவோரும் உண்டு, "வியாபாரத்தில் ஸ்திரீகளுக்கு என்ன வேலை?" என்று நகைப்போரும் உண்டு. இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பங்குச் சந்தையில் பதிவான ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெண் டைரக்டரேனும் இருத்தல் வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்தது. விளைவு என்ன? பல கம்பெனிகளில் முதலாளியின் மனைவியோ மகளோ அவ்விடத்தில் அமர்ந்தார். நாற்காலி கிடைத்தது, நாவு கிடைக்கவில்லை. ஆகவே, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஸெபி ஸ்தாபனம் மேலும் ஒரு விதி செய்தது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் முதலும், முதலாளி குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் டைரக்டர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும்.

அந்த முதல் 1000 கம்பெனிகளுக்கே 2022-23 முதல் இன்னொரு கடமையும் வந்திருக்கிறது. செலவிட்ட நீர் எவ்வளவு, வெளிவிட்ட புகை எவ்வளவு, கழிவு என்ன ஆயிற்று, தொழிலாளர் நலம் எவ்வாறு என்று அவை ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அறிக்கையில் எண்களை நிரப்பக் குமாஸ்தா போதும். "இக்கழிவு எந்த ஆற்றில் விழுகிறது?" என்று சபையில் கேட்பதற்கு, முதலாளியின் தயவை எதிர்பாராத டைரக்டர் வேண்டும்.

பெண்ணாய்ப் பிறந்ததனாலேயே அத்துணிவு வந்துவிடாது. ஆயினும், நெடுங்காலம் ஒன்றாய்ப் பழகியவர்கள் நிறைந்த சபையில், பழகிப்போன தவறு புதிதாய் வந்தவர் கண்ணுக்கே முதலில் படும். அவரும் தனி ஒருவராயின் அவர் குரல் எளிதில் அடங்கிப்போகும். நார்வே தேசத்தார் 2003-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்து, பெரிய பொதுக் கம்பெனிகளின் டைரக்டர்களில் ஆணாயினும் பெண்ணாயினும் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் குறையலாகாது என்றார்கள். இணங்காத கம்பெனி கலைக்கப்படும் என்றும் எச்சரித்தார்கள். கம்பெனிகள் இணங்கின.

நேயர்களில் பங்கு வைத்திருப்போர் பலர். வருஷ மகாசபை அறிவிப்பு வந்தால் டிவிடெண்டை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறோம். டைரக்டர்களை நியமிக்க நமக்குள்ள வோட்டும் அதே அறிவிப்பில் இருக்கிறது. இனி அந்தப் பெயர்களையும் படிப்போம். அவர் யார், யாருக்கு உறவு, என்ன அனுபவம் என்று பார்த்து வோட்டளிப்போம். நம் பேரன் பேத்திகளுக்குப் பங்கை விட்டுச் செல்ல எண்ணுகிறோம். அந்தக் கம்பெனியும் அதன் பக்கத்து ஆறும் அவர்கள் காலத்தில் இருக்க வேண்டுமன்றோ?