வலி போன நாள்தான் ஜாக்கிரதை!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் மெயின் ரோட்டில் இருக்கிறது பனவடலிசத்திரம். என் மாமியாரின் ஊர். ஐப்பசி மழையில் வாசல் குழாயடியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார் அத்தை. எலும்பு முறியவில்லை. “சுளுக்குதான்” என்று தைலம் தேய்த்தே மூன்று மாதம் ஓட்டினார்.

தலை பின்னக் கை எட்டவில்லை. கொடியில் துணி போட முடியவில்லை. ராத்திரி வலது பக்கம் திரும்பினால் வலி எழுப்பிவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது, தோளில் தசையை எலும்போடு பிடித்து வைக்கும் நாண் கிழிந்திருக்கிறது என்று. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் என்று முடிவானது. இடையில் மூன்று வாரம் கிடைத்தது. அந்த மூன்று வாரத்தை வீணாக்காததுதான் நாங்கள் செய்த நல்ல காரியம்.

வீட்டைத் தயார் செய்யுங்கள்

முதலில் மருந்துப் பட்டியல். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து என எல்லாவற்றையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் சீழ் பிடிக்கலாம், தோளும் இறுகிப் போகலாம். புகையிலை, பீடி பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இடது கைப் பழக்கம். “இடது கையால சாப்பிடச் சொல்லுதியே தாயி!” என்று அத்தை முகத்தைச் சுளித்தார். ஸ்பூன் வாங்கிக் கொடுத்து, ஆபரேஷனுக்கு முன்பே பழக வைத்தோம். பல் தேய்ப்பது, பட்டன் போடுவது எல்லாமே அப்படித்தான்.

பாயை மடித்து வைத்துவிட்டுக் கட்டில் போட்டோம். தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் இருக்க முடியாது. கழிப்பறைக்கு ஒரு பிளாஸ்டிக் கமோடு நாற்காலி. பரணிலும் மேல் தட்டிலும் இருந்த டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள நைட்டி நான்கு. போடும்போது ஆபரேஷன் செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

முதல் ஆறு வாரம்

கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மரத்துப் போகச் செய்வார்கள். ஆபரேஷன் முடிந்தும் பல மணி நேரம் கை கட்டை மாதிரிதான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால், மரப்பு விடும்போது வலி ஒரேயடியாக வரும். அதற்கு முன்பே மாத்திரை போடச் சொல்வார்கள்; தவறவிடாதீர்கள்.

மல்லாந்து படுத்தால் தோள் இழுக்கும். முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார் அத்தை. ஸ்லிங் நான்கு முதல் ஆறு வாரம். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் சொன்னபடி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் அனுமதித்த பிறகு ஊசல் பயிற்சி: நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மற்ற கையைத் தொங்கவிட்டு, உடம்பை மட்டும் மெல்ல ஆட்டுவது. அப்படிக் குனியும்போதே அக்குளையும் துடைத்துவிடலாம்.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், விட்ட பிறகும் மறுபடி விரல் மரத்துப் போவது, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குடம் தூக்கிய நாள்

ஏழாவது வாரம். ஸ்லிங் கழற்றியாச்சு, வலியும் இல்லை. பக்கத்து வீட்டு மதினி வந்து, “இன்னுமா கையைப் பொத்தி வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் குழாயடியில் சத்தம். பார்த்தால், அத்தை வலது கையால் நிறைகுடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“அத்தை, கீழ வைங்க!”

வைத்தார். கண் கலங்கியிருந்தது. “எத்தனை நாளைக்கு உன் கையால வாங்கித் திங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. வலியை அவர் தாங்கிக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை டாக்டர் விளக்கினார். கிழிந்த நாணை எலும்பில் ஆணி மாதிரி ஒன்றைப் பதித்து நூலால் கட்டியிருக்கிறார்கள். நாண் எலும்போடு ஒட்டி வளரும்வரை அந்த நூல்தான் பிடித்திருக்கும். நாணில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் ஒட்டும். வலி வாரக்கணக்கில் போய்விடும். ஒட்டுவதற்கு மாதக்கணக்கு ஆகும். நட்ட கன்று வேர் பிடிக்கும் முன் ஆட்டிப் பார்க்கலாமா? பலம் கொடுக்கும் பயிற்சிக்கே சுமார் மூன்று மாதம் ஆக வேண்டும். பாரம் தூக்க ஆறு மாதம் வரைகூட ஆகலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் சொன்னான்: “ஆச்சி, ஷ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் தோள்ல அடி. ஏப்ரல்ல ஆபரேஷன். செப்டம்பர்லதான் மறுபடி ஐ.பி.எல். ஆடினார்.” அவருக்குத் தோள் விலகிய காயம், அத்தைக்குக் கிழிசல், இரண்டும் வேறுதான். ஆனாலும் அத்தனை வசதியும் இருக்கிற இளைஞருக்கே அத்தனை மாதம் என்றதும் அத்தை அமைதியானார்.

பயந்து அசைக்காமலே இருப்பதும் தப்பு. தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் ஏறுவது, கதவில் கப்பி மாட்டிக் கயிறு இழுப்பது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். “கிணத்துல தண்ணி இறைச்ச மாதிரியே இருக்கு” என்று சிரித்தார் அத்தை. தினமும் டவுனுக்குப் போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு.

இன்னொன்றும் செய்தோம். இடுப்பு உயரத்தில், கையைத் தூக்காமல் செய்கிற வேலைகளை டாக்டரிடம் கேட்டு அத்தையிடமே கொடுத்தோம். மேஜையில் வைத்துக் கீரை ஆய்வது, பூ கட்டுவது, பேரனின் பாடம் கேட்பது. அதற்குப் பிறகு அவர் குடத்தின் பக்கம் போகவில்லை.

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் கிளம்பிய அன்று, கண்ணாடி முன்னால் நின்று தானே தலை பின்னிக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் நடுங்கியது. உதவிக்குப் போன என்னைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தோள் ஆபரேஷன் என்றால், வலி போன பிறகும் அவர்கள் பக்கத்தில் இருங்கள். அப்போதுதான் நீங்கள் அதிகம் தேவைப்படுவீர்கள்.